முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும்

நாகசாகியில் பிறந்த ஒருவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நூற்று எண்பது படி. பள்ளியிலிருந்து மீன்கடைக்கு இன்னும் அறுபது. சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோளில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் அதே ஆள் இருபத்தாறு வயதில் நாகானோ மலைகளுக்கு நடுவே ஓமாச்சி ஊர் நூலகத்துக்கு வேலைக்கு வந்து, "எனக்கு ஓட்டத் தெரியாது" என்று சொன்னால் ஊரே ஒரு வாரம் சிரிக்கும். என்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் இகுயோ ஒருத்திதான். அவள் ஊர் சுகாதார நிலையத்துச் செவிலி. மலையடிக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்க் கைக்குழந்தைகளை எடை போடுவாள், வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். திரும்பும்போது அங்குள்ள பெண்கள் படித்து முடித்த நூலகப் புத்தகங்களைக் கேரியரில் கட்டி எடுத்து வருவாள். அப்படித்தான் எனக்கு அவளோடு பழக்கம். கல்யாணமான புதிதில் நான்கு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். நான்காவது ஞாயிறு என் முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கிசாகி ஏரியில் படகு வாடகைக்கு விடும் மொமோசே, சுற்றுலா வருபவர்களுக்காக வாங்கிப் போட்டது. யாரும் எடுக்காமல் படகுக் கொட்டகையில் துரு ஏறிக் கிடந்திருக்கிறது.

"நீங்க பின்னால உக்காருங்க. விழறதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே விழலாம்" என்றாள்.

விழவில்லை. அடுத்த இருபது வருடம் வசந்தத்தில் ஒரு முறையும் இலை சிவக்கும் காலத்தில் ஒரு முறையும் அந்தச் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். சுவா ஏரி, ஷிராகபா ஏரி, வடக்கே நோஜிரி ஏரி. இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளைச் சாலையில் ஓட்ட அந்தக் காலத்தில் எங்கள் மாகாணத்தில் மட்டும்தான் அனுமதி. எல்லைப் பலகை வந்தால் இறங்கிவிட வேண்டும். நோஜிரிக்கு அப்பால் நீகாட்டா எல்லையில் ஒரு முறை அவள் முன்சக்கரத்தை மட்டும் ஒரு சாண் அந்தப் பக்கம் உருட்டினாள். "பாருங்க, இப்ப நான் குத்தவாளி. நீங்க இன்னும் நல்லவரு" என்று சொல்லிவிட்டுச் சாலையின் நடுவில் நின்று சிரித்தாள்.

வெளியூர் ஏரிகள் இருக்கட்டும், எங்களுடையவை மூன்று: கிசாகி, நகாட்சுனா, அவோகி. ஒன்றன் தலைமாட்டில் ஒன்றாக, நடுவில் மேடும் தாழ்வுமாக வயல்கள். எங்கள் வீடு கிசாகிக் கரையில். மூன்றையும் சுற்றி வர அரை நாள். அதை எத்தனை முறை சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது.

இந்தச் சைக்கிளுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹேண்டில்பார், பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவரிடம். பின்னால் இருப்பவருக்கு முதுகு மட்டும்தான் தெரியும். ஆகவே வருவதையெல்லாம் முன்னால் இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு ஜோடி பெடல்களையும் ஒரே செயின் இணைப்பதால், சொல்லாமல் நிறுத்தினால் பின்னால் இருப்பவரின் காலைப் பெடல் பதம் பார்த்துவிடும். வீட்டில் என்னை 'நீங்க' என்று கூப்பிடுகிறவள் முன் இருக்கையில் ஏறியதும் 'நீ'க்கு மாறிவிடுவாள். "கல்லு! பிடிச்சுக்கோ! மேடு, நல்லா மிதி! விடு, விடு, இனிமே இறக்கம்!" நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இன்னொரு வசதியும் இருந்தது, இப்போது சொல்லிவிடலாம். சமதரையில் நான் புத்தகம் படிப்பேன். சட்டைப்பைக்குள் அடங்கும் துப்பறியும் நாவல்கள். ஒரு கை எனக்கு முன்னாலிருந்த அசையாத கைப்பிடியில், ஒரு கையில் புத்தகம், கால் பெடலோடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மேடு வந்தால் கொஞ்ச தூரம் உண்மையாகவே மிதிப்பேன், பிறகு மிதிப்பதுபோல் இருப்பேன். அவள் முதுகு எனக்குத் தெரியும், என்னை அவளுக்குத் தெரியாது. ஆகவே எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் மொமோசே கத்துவான்.

"யோவ் நாகசாகி! இன்னிக்காவது மிதிக்கிறியா, இல்ல சவாரியா?"

"மிதிக்காம? மேடு பூரா அவருதான் தள்ளினாரு" என்று இகுயோ திரும்பாமலே பதில் சொல்வாள். "உன் படகுல நீ எப்பவாவது துடுப்புப் போட்டிருக்கியா? வாயை மூடு."

குளிர்கால ஒலிம்பிக் எங்கள் மாகாணத்தில் நடந்து முடிந்த மறு வருடம், ஏப்ரல் மாதத்தில், துணி காயப்போடப் போனவள் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மட்சுமோட்டோ பெரிய ஆஸ்பத்திரியில் இதய வால்வு என்றார்கள். மே மாதக் கடைசியில் ஆபரேஷன். அதுவரை மேடு ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கவே கூடாது. டாக்டர் என்னிடம் சொன்னார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாருடைய சீட்டையோ படிப்பதுபோலத் தன்னுடைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலைக் காட்டினாள். "கிழவர் வந்துட்டாரு."

ஜீ மலையில் பனி உருகும்போது பாறை கறுப்பாக வெளியே தெரியும். கூடையோடு குனிந்து விதை தெளிக்கும் கிழவரின் உருவம். அவர் தெரிந்தால் எங்கள் பக்கம் நாற்றங்கால் வேலை தொடங்கும். மீதிப் பனியும் உருகியதும் அவர் மலையோடு கலந்துவிடுவார்.

"அவரு கலைஞ்சு போறதுக்குள்ள ஒரு தடவை மூணு ஏரியும் சுத்திட்டு வரணும்" என்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மிதிக்கக் கூடாதுன்னாரு. உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"அப்ப முன்னால யாரு?"

அவள் என்னையே பார்த்தாள்.

"கார்ல போயிட்டு வரலாம் இகுயோ."

"கார்ல ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்." பிறகு, எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, தொழில்முறைக் குரலில் சொன்னாள்: "இந்த ஆபரேஷன்ல பத்துப் பேருக்கு ஒருத்தர் திரும்பி வர்றதில்ல. நீங்க அழறதா இருந்தா இப்பவே அழுதுடுங்க. கத்துக்கறதுக்கு நமக்கு மூணே வாரம்தான் இருக்கு."

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது.

மொமோசேயின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மண் மைதானத்தில் தினமும் காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். அவன் தன் அண்ணன் பேத்தியின் சிவப்புச் சைக்கிளில் பெடல்களைக் கழற்றிக் கொடுத்தான். முதல் வாரம் முழுக்கக் காலால் தரையை உந்தி உந்தி வாத்து மாதிரிப் போனேன். இகுயோ மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஏவினாள்.

"தோளை இறக்குங்க! சக்கரத்தைப் பாக்காதீங்க, அது எங்கயும் போயிடாது. தூரத்துல பாருங்க!"

"தூரத்துல வயல்தான் இருக்கு."

"அப்ப வயலைப் பாருங்க."

வயலைப் பார்த்தேன். வயலுக்குள்ளேயே போய் விழுந்தேன். தண்ணீர் கட்டி இரண்டு நாள் ஆன சேறு. மொமோசே என் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"நாத்தையும் கையில குடுத்திருந்தா நட்டுட்டே வந்திருப்பே. ஒரு வேலை மிச்சம்."

இரண்டாம் வாரக் கடைசியில் சிவப்புச் சைக்கிளில் மைதானத்தை விழாமல் நான்கு சுற்று வந்தேன். மூன்றாம் வாரம் நீளச் சைக்கிள். பின்னால் மொமோசே ஏறிக்கொண்டான். காலைத் தூக்கிச் சட்டத்தின் மேல் வைத்து, மூட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்தான்.

"நான் எண்பது கிலோ. நர்ஸம்மா நாப்பத்தெட்டு. என்னை இழுத்துட்டா அவங்களைத் தூக்கிச் சட்டைப்பையில போட்டுக்கலாம்."

அவனை இழுத்தேன். ஆனால் எதையும் சொல்ல வரவில்லை. திரும்பும்போது திரும்புகிறேன் என்று சொல்ல மாட்டேன், நிறுத்தும்போது நிறுத்துகிறேன் என்று சொல்ல மாட்டேன். இருபது வருட மௌனம் வாயில் பூட்டுப் போட்டிருந்தது. மொமோசேயின் முழங்காலில் இரண்டு இடத்தில் நீலம் பாரித்தது.

"நூலகத்துல 'சத்தம் போடாதீர்கள்'னு பலகை வச்சிருப்பானுங்க. அதை இவன் வாயிலயும் மாட்டி அனுப்பிட்டானுங்க" என்று இகுயோவிடம் முறையிட்டான்.

கிளம்பிய நாள் மே பதினெட்டு. அவள் ஆபரேஷனிலிருந்து திரும்பி வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தாள், பின் இருக்கையில்தான். போன ஜனவரியில், பனி கூரையிலிருந்து சரிந்து விழுந்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், போய்விட்டாள். அந்த ஆறு வருடத்தில் நாங்கள் போன இடங்கள் நிறைய. ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மே பதினெட்டுதான்.

காலை ஏழு மணி. கிழவரின் கூடைப் பக்கம் கொஞ்சம் கலைந்திருந்தார்; குனிந்த முதுகு இன்னும் தெளிவாக இருந்தது. இகுயோ நொசவானாக் கீரை ஊறுகாய் வைத்த சோற்று உருண்டைகளைக் கட்டிப் பின்பக்கப் பையில் போட்டாள். முன்னால் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு முதலில் பயமாக இருந்தது ஏரியைப் பார்த்துத்தான். இருபது வருடம் நான் அதை ஒரு முதுகின் இரண்டு பக்கமும் பார்த்தவன். இப்போது அது முழுதாக, நடுவில் யாரும் இல்லாமல் கிடந்தது.

"போலாமா?" என்றாள் பின்னாலிருந்து.

"போலாம்."

"நீங்கதான் சொல்லணும்."

"போறேன்!" என்று கத்தினேன்.

கிசாகியின் மேற்குக் கரை குறுகலான சாலை, இரண்டு பக்கமும் மரம். "கல்லு" என்றேன். "வளைவு" என்றேன். "எதிர்ல ஒரு அம்மா, கையில மண்வெட்டி" என்றேன். "மண்வெட்டியெல்லாம் சொல்ல வேண்டாம்" என்றாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏரியின் வடக்கு முனையில் சின்ன ரயில் நிலையத்தைத் தாண்டியதும் ஓடையை ஒட்டி மேடு தொடங்கியது. நகாட்சுனா வரை ஏற்றம்தான்.

கியரைக் குறைத்தேன். தொடை எரிந்தது. நூறு அடி போவதற்குள் மூச்சு விசில் அடித்தது. சைக்கிள் நடையைவிட மெதுவாகி, ஹேண்டில்பார் அங்குமிங்கும் ஆடத் தொடங்கியது. விழப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் திடீரென்று பாரம் குறைந்தது. கால் லேசாக இறங்கியது. அடடா, எனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாறு சுற்று சந்தோஷமாக மிதித்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். வலது பெடல் கீழே போகும்போது மட்டும் பாரம் குறைகிறது. இடதில் குறையவில்லை. இகுயோவுக்கு வலது காலில்தான் பலம். செயின் வழியாக அந்தக் காலை நான் என் உள்ளங்காலில் உணர்ந்தேன், யாரோ கையைப் பிடித்து இழுப்பது மாதிரி.

"நீ மிதிக்கிற" என்றேன்.

"இல்லையே."

"மிதிக்கிற. வலது கால்ல."

வலது பெடல் மறுபடி லேசாக இறங்கியது. நான் சட்டென்று பிரேக்கைப் பிடித்தேன். சொல்லாமல்.

சைக்கிள் சாய்ந்தது. இரண்டு பேரும் ஒரு காலை ஊன்றித் தப்பித்தோம். அவள் கெண்டைக்காலில் பெடல் அடித்துவிட்டது.

"நிறுத்தறேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"மிதிக்க மாட்டேன்னு சொன்னியே, அதுக்கென்ன?"

"காலை அறுத்தா போட்டுட்டு வர முடியும்?"

"சாகணும்னு இருக்கியா?"

இரண்டு பெட்டி ரயில் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் போனது. நடுச்சாலையில் நின்று சண்டை போடும் இரண்டு பேரைப் பார்த்து ஓட்டுநர் விசில் அடித்துவிட்டுப் போனார். இகுயோ சாலையோர இரும்புத் தடுப்பில் உட்கார்ந்தாள். தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து எண்ணினேன், எதை எண்ணுகிறேன் என்று தெரியாமல்.

"தொண்ணூத்தாறு. பரவால்ல" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சேன் பாத்தியா?"

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? முன்னால உக்காந்தா தெரியும்" என்றாள் சாதாரணமாக.

நான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது.

"தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாமேவா?"

"சுவா ஏரியில கப்பல் வந்தா அழுத்தறதை நிறுத்திடுவீங்க. ஷிராகபா மேட்டுல பாதி வரைக்கும் மிதிப்பீங்க, அந்தப் பால்பண்ணை வந்ததும் என்னை அனுப்பி வச்சுட்டு நீங்க உக்காந்துடுவீங்க. இந்த மேட்டுல அதோ அந்த வளைவு." விரலை நீட்டிக் காட்டினாள். "அதைத் தாண்டி நீங்க ஒரு நாளும் மிதிச்சதில்ல."

எனக்குக் காது சுட்டது.

"புஸ்தகமும் தெரியுமா?"

"பக்கம் திருப்பும்போது ரெண்டு கையையும் விடுவீங்க. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும். கடைசி அத்தியாயம் வந்துட்டா அடிக்கடி ஆடும். கொலைகாரனைப் பிடிக்கப் போறாங்கன்னு நானும் கொஞ்சம் மெதுவா ஓட்டுவேன்."

"மொமோசேகிட்ட மேடு பூரா நான்தான் தள்ளினேன்னு சொன்னியே!"

"அவன்கிட்ட வேற என்ன சொல்றது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா புஸ்தகத்தை வீட்டுல வச்சுட்டு வந்திருப்பீங்க. பின்னால உம்முனு உக்காந்து மிதிச்சுக்கிட்டு வருவீங்க. அது யாருக்கு வேணும்? பின்னால ஒருத்தரு சந்தோஷமா இருக்காருன்னு தெரிஞ்சா எனக்கு மேடு தெரியாது." எழுந்து பாவாடையைத் தட்டினாள். "வாங்க, கிளம்பலாம்."

"நீ மிதிக்கக் கூடாது."

"கால் கேக்க மாட்டேங்குதே. பெடல் சுத்தினா அதுவா அழுத்துது."

எனக்கு ஒரு யோசனை வந்தது. இறங்கி நின்றபடியே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அவளைப் பின் இருக்கையில் ஏறச் சொன்னேன். காலை மொமோசே மாதிரிச் சட்டத்தின் மேல் வைக்கச் சொன்னேன். தள்ளத் தொடங்கினேன். சைக்கிளில்தான் நான் சிவப்புச் சைக்கிள்காரன். நடந்து ஏறுவதில் நாகசாகிக்காரனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நூற்று எண்பது படியும் அறுபது படியும் தினம் ஏறிய கால் இது. அந்த வளைவைத் தாண்டினேன். அடுத்ததையும் தாண்டினேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, கல்யாணப் பெண்ணைக் கூட்டிப் போவதுபோல் போகும் எங்களைப் பார்த்து, "அடேயப்பா, எந்த ஊருக்கு?" என்றாள்.

"அவோகிக்கு!" என்று இகுயோ மேலே இருந்து சொன்னாள். "என் வண்டிக்காரருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

நகாட்சுனாவை ஓட்டிக் கடந்தோம். அவோகியை ஒரு முழுச் சுற்று வந்தோம். மரங்களுக்கு நடுவே தண்ணீர் அடி வரைக்கும் தெளிவாக இருந்தது. கரையில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டோம். அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். "ஐஸ்" என்றாள். ஆஸ்பத்திரியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவள் கால் காயும்வரை காத்திருந்தோம்.

திரும்பும்போது இறக்கம். நான் கத்திக்கொண்டே வந்தேன். "கல்லு! குழி! பிடிச்சுக்கோ! விடு, விடு!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கிசாகியின் மேற்குக் கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்து மரத்துக்குள் நுழைந்திருந்தது. சமதரை. வலது காலை உன்னிப்பாகக் கவனித்தேன். அழுத்தமே இல்லை. அவள் கால் பெடலோடு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தது.

அப்போது சைக்கிள் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது.

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். "இகுயோ!"

"ம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாருங்க."

குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, ஆனால் எங்கேயோ போயிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு ஆட்டம். நிறுத்தலாமா என்று பிரேக்கின் மேல் விரலை வைத்தேன். "நிறுத்தறேன்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பின்பக்கப் பை நினைவுக்கு வந்தது. சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில், பழக்கதோஷத்தில் நான் காலையில் போட்டு வைத்திருந்த துப்பறியும் நாவல்.

மூன்றாவது ஆட்டம். நான்காவது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரே தூரம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. கல் இருந்த இடங்களில் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனேன், அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று. இடது பக்கம் ஏரி கூடவே வந்துகொண்டிருந்தது.

மொமோசேயின் கொட்டகைக் கூரை தெரிந்தபோது ஆட்டம் அடிக்கடி வரத் தொடங்கியது. பாதியைத் தாவிக் கடைசி அத்தியாயத்துக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது. அவன் படகுத் துறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான்.

"வந்துட்டியா நாகசாகி! என்ன, நர்ஸம்மா பின்னால தூங்கறாங்களா?"

"தூங்கறதா? நல்லா மிதிக்கிறா!" என்று கத்தினேன், திரும்பாமலே. "மேடு பூரா அவதான் தள்ளினா!"

பின்னால் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சைக்கிள் ஆடியது. நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பாதையைத் தாண்டி நேராகப் போனேன்.

"யோவ், எங்கய்யா போறே? வீடு இந்தப் பக்கம் இருக்கு!" என்று மொமோசே துறையின் முனைவரை ஓடி வந்து கத்தினான்.

கிசாகியை இன்னொரு சுற்று வர முக்கால் மணி நேரம் ஆகும். ஓர் அத்தியாயத்துக்கு அது போதும்.